தரை வியர்த்த ஐப்பசி

அம்மா விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு. வாசலில் கோலம் போட்டுவிட்டு, கையில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு ரேழியைத் தாண்டிக் கூடத்துக்குள் கால் வைத்திருக்கிறாள். தரையில் ஒட்டியிருந்த வினைல் விரிப்பின் இணைப்பில் பெருவிரல் மாட்டிக்கொண்டது. தூண் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் பிடித்துக்கொண்டாள். முழங்கையில் சிராய்ப்பு, இடுப்பில் ஒரு பிடிப்பு, அவ்வளவோடு போயிற்று. அம்மாவுக்கு 74 வயது. அந்தத் தூண் அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

திருச்சியிலிருந்து பஸ் பிடித்து மத்தியானத்துக்குள் கும்பகோணம் போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் மண்டியிட்டுப் பார்த்தேன். இரண்டு விரிப்புகள் சந்திக்கும் கோடு பொரித்த அப்பளத்தின் ஓரம்போல் இருபுறமும் மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. கையால் அழுத்தினால் படிந்தது. கையை எடுத்ததும் மறுபடி எழுந்தது. தூணுக்கும் அடுக்களை நிலைக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. ஒரு கொப்புளத்தின் மேல் மெல்லக் காலை வைத்தேன். உள்ளே தண்ணீர் நகர்வது பாதத்துக்குத் தெரிந்தது.

விரிப்பைப் போட்டு அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை.

டெல்டாவில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் பலர் இப்போது இந்த விரிப்பைத்தான் போடுகிறார்கள். கடையில் இதைக் கார்ப்பெட் என்கிறார்கள். தேக்குப் பலகைபோல, பளிங்குபோல, பூவேலை செய்த ஓடுபோல எந்த அச்சிலும் கிடைக்கிறது. உடைக்க வேண்டாம், கொத்த வேண்டாம், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். நாங்கள் பட்டதை எழுதிவைத்தால் ஒரு வீட்டுத் தரையாவது, ஒரு வீட்டு அம்மாவின் இடுப்பாவது தப்பிக்கும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தம்பி இதைச் செய்தது அம்மாவின் மேலுள்ள அக்கறையால். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் கூடத்துத் தரை தாத்தா 1941-இல் வீடு கட்டியபோது போட்ட காவித் தரை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்து இறுக்கிய அடித்தளம். அதன்மேல் சிவப்புக் காவி கலந்த சிமெண்ட் பூச்சு, அரை அங்குலம் இருக்கும். சுவரோரம் நான்கு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை. எண்பது வருடம் பாதம் பட்டுப்பட்டு அது பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்திருந்தது. கோடை விடுமுறையில் குப்புறப் படுத்துக் கன்னத்தை அந்தத் தரையில் வைத்துக்கொண்டு கதைப் புத்தகம் படித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஆனால் அம்மாவுக்கு இப்போது அதுவே சிரமமாகிவிட்டது. மார்கழியில் தரைக் குளிர்ச்சி முழங்காலில் ஏறுகிறது. தரையில் ஓடிய விரிசல்கள் பித்தவெடிப்பு கண்ட குதிகாலில் உரசி வலிக்கின்றன. தம்பி சென்னையில் ஒரு நண்பரின் வீட்டில் வினைல் தரையில் நடந்து பார்த்திருக்கிறான். மெத்தென்று, குளிராமல், விரிசலில்லாமல் இருந்தது. அம்மாவுக்கு இதைப் போட்டுவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

அந்த நண்பரின் வீடு அடுக்குமாடியில் ஐந்தாவது தளம். கீழே கான்கிரீட், அதற்கும் கீழே இன்னொருவர் வீடு. எங்கள் வீடு காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில், வண்டல் மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பற்றிக் கடையில் யாரும் கேட்கவில்லை. எத்தனை சதுர அடி, எந்த டிசைன் என்ற இரண்டு கேள்விகளோடு ஆர்டர் எடுத்துக்கொண்டார்கள். வேலைக்கு வந்த இரண்டு பையன்களும் நாணயமான பிள்ளைகள். காலை ஒன்பது மணிக்கு வந்து, தரையைக் கூட்டி, ரப்பர் பசையைத் தடவி, மாலை ஐந்து மணிக்குள் ஒட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. என் கோபம் அந்தக் கேள்வி கேட்காத வியாபாரத்தின் மேல்தான். பழைய வீட்டின் தரையைத் தொடும் முன் அதற்கடியில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் விற்பது பெரிய தவறு.

அம்மா விழுந்த மறுநாள் எங்கள் தெருவுக்குப் பழக்கமான கொத்தனாரை வரச் சொன்னேன். அவருக்கும் எழுபது நெருங்குகிறது. அவருடைய அப்பாவும் இந்தப் பக்கத்து வீடுகளில் சுண்ணாம்பு வேலை செய்தவர். வந்தவர் தரையைப் பார்க்கவில்லை. நேரே சுவரடியில் போய் உட்கார்ந்தார். ஓரத்தில் ஒரு சாண் உயரத்துக்குச் சுவரைத் தடவிப் பார்த்து, விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடியை நாக்கு நுனியில் வைத்துத் துப்பினார். "உப்பு" என்றார். "இந்தச் சுவரில் போன வருடம் ஓதம் இவ்வளவு இல்லை, பாப்பா. மூலையைக் கிழித்துப் பார்க்கலாமா?"

கிழித்தோம். முதலில் வந்தது வாடை: மழைக்காலத்தில் மூடிய பெட்டிக்குள் ஈரத்துணியை மறந்து வைத்துவிட்டால் வருமே, அது. பிறகு விரிப்பின் அடிப்பக்கம் தெரிந்தது. மேலே தேக்கு நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்த விரிப்பு அடியில் கறுத்துப் பூசணம் பிடித்திருந்தது. அதன்மேல் குளிர்ந்த செம்பின் வெளிப்புறம்போல் முத்து முத்தாக நீர். பசை காயவே இல்லை; கொத்தனார் விரிப்பைத் தூக்கத் தூக்க அது வெல்லப்பாகு கம்பிப் பதத்தில் இழுபடுவதுபோல் தரையிலிருந்து நூல் நூலாக நீண்டு அறுந்தது. அம்மா சற்றுத் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "தரைக்கு வியர்த்திருக்கிறது பார்" என்றாள்.

"ஈரம் புதிதாக வந்ததில்லை, பாப்பா. இத்தனை வருடமும் வந்துகொண்டுதான் இருந்தது. வந்தது போய்க்கொண்டும் இருந்தது. போகிற வழியை நீங்கள் அடைத்துவிட்டீர்கள்" என்றார் கொத்தனார்.

அன்று அவர் சொன்னதையும் அதன்பின் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இப்போது கட்டும் வீடுகளில் அடித்தளத்துக்கு மேல் ஈரம் ஏறாதபடி தடுப்புப் பூச்சு வைக்கிறார்கள். எங்கள் வீட்டைப் போன்ற பழைய வீடுகளில் அது கிடையாது. மண்ணிலுள்ள ஈரம் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் இருக்கும் நுண்துளைகள் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மேலே ஏறுகிறது. தரையின் மேற்பரப்புக்கு வந்ததும் காற்றில் உலர்ந்துவிடுகிறது. ஏறுவதும் உலர்வதும் சமமாக நடப்பதால் நம் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. அந்தத் தரையின்மேல் ஈரம் புகாத பி.வி.சி. விரிப்பை (வினைல் என்று சொல்வது இந்த பி.வி.சி. பிளாஸ்டிக்கைத்தான்) ஒட்டினால் உலர்வது நின்றுவிடுகிறது, ஏறுவது நிற்பதில்லை. தேங்கிய நீர் சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் உள்ள காரத்தைக் கரைத்துக்கொண்டு பசையை இளக்குகிறது. இளகிய இடத்தில் விரிப்பு உப்புகிறது. கீழே அடைபட்ட மீதி ஈரம் பக்கவாட்டில் நகர்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. கூடத்துச் சுவரில் புதிதாக வண்ணம் உரிந்ததும் உப்புப் பூத்ததும் அதனால்தான். சுவரில் ஏறும் ஓதத்துக்குத் தரையை மூடியது காரணமாக இருக்கலாம் என்று அதுவரை எங்களுக்குத் தோன்றவே இல்லை. சுவருக்கு வேறு வண்ணம் அடிக்கத் தம்பி விலை விசாரித்துக்கொண்டிருந்தான்.

விரிப்பை ஒட்டிய மாதத்தையும் கவனிக்க வேண்டும். அது மே மாதம், அக்னி நட்சத்திரம். அந்த வெயிலில் டெல்டாவில் கிணறுகள் இறங்கிக் கிடக்கும், தரை எலும்புபோல் உலர்ந்திருக்கும். பையன்கள் தொட்டுப் பார்த்திருந்தாலும் ஈரம் தெரிந்திருக்காது. 2025 ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தார்கள். சில நாளில் தண்ணீர் கல்லணையைக் கடந்து எங்கள் பக்கம் வந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடினால் எங்கள் கொல்லைக் கிணற்றில் மட்டம் ஏறும். சின்ன வயதிலிருந்து பார்த்துவருகிறோம். கிணறு ஏறினால் மண்ணுக்குள் ஈரமும் மேலே வருகிறது. ஆடியில் அம்மா, "தரை நடக்கும்போது ஒட்டுகிறது" என்று தொலைபேசியில் சொன்னாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொண்டது. முற்றத்தில் மழை கொட்டியது, கூடத்துத் தரை அடியிலிருந்து நனைந்தது.

ஒட்டுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். அதற்குப் பெரிய கருவி ஏதும் வேண்டாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி ஒரு கனமான பிளாஸ்டிக் தாளை வெறும் தரையின்மேல் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்ட வேண்டும். குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்த்தால், தாளின் அடியில் நீர்த்துளி இருக்கிறதா, தரை நிறம் கறுத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். கான்கிரீட் தரைகளுக்குப் பொறியாளர்கள் செய்யும் பழைய சோதனை இது. ஆனால் எங்கள் ஊரில் இதைச் சித்திரையில் செய்து பயனில்லை. ஆற்றில் தண்ணீர் இருக்கும்போது, அதிலும் ஐப்பசி கார்த்திகையில் செய்து பார்க்க வேண்டும். பி.வி.சி. விரிப்பையும் டைல் வில்லையையும் எப்படிப் பதிக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 5318 என்று ஒரு இந்தியத் தர விதித்தொகுப்பே இருக்கிறது. அடித்தரை ஈரமின்றி இருக்க வேண்டும் என்பது அதில் அடிப்படையான பாடம். அதைக் கடைக்காரர் படித்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது அதிகமில்லை என்றே நினைக்கிறேன்.

ஈரம் ஒன்று மட்டும் இருந்திருந்தால் அம்மா தடுக்கியிருக்க மாட்டாள். தடுக்கி விழவைத்தது விரிப்பை அளந்த விதமும் வெட்டிய விதமும்.

பழைய வீட்டின் மூலைகள் மூலைமட்டத்துக்குச் சரியாக நிற்பதில்லை. எங்கள் கூடத்தின் அகலம் முற்றத்துப் பக்கம் 14 அடி, உள்ளே அடுக்களைப் பக்கம் 14 அடி 3 அங்குலம். விரிப்பின் சுருள் 2 மீட்டர் அகலம். ஒரு முனையில் மட்டும் அளந்துவிட்டு, இரண்டு விரிப்புகளை அடுத்தடுத்துப் போட்டு, மிச்சமிருந்த ஓரத்துக்கு ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருந்தார்கள். துண்டு அடுக்களைப் பக்கம் போதவில்லை. அந்த இடைவெளிக்குக் கோடாலி முனைபோல் இன்னொரு கீற்று. இதைவிட முக்கியமானது நடு இணைப்பு விழுந்த இடம். ரேழியிலிருந்து அடுக்களைக்குப் போகும் நடைபாதையில், நாளைக்கு ஐம்பது முறை கால் படும் இடத்தில் அது அமைந்துவிட்டது. முதல் விரிப்பைச் சுவரோரத்திலிருந்து தொடங்காமல் கூடத்தின் நடுவிலிருந்து தொடங்கியிருந்தால் இணைப்புகள் இரண்டும் ஓரங்களுக்குப் போயிருக்கும். இணைப்பை வெட்டுவதற்கும் முறை உண்டு. இரண்டு விரிப்புகளின் ஓரத்தையும் ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, இரும்பு அளவுகோல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். அப்போதுதான் ஓரங்கள் இமைபோல் பொருந்தும். பிறகு அந்தக் கோட்டை அதற்கான திரவத்தாலோ சூடாக்கி உருக்கும் வினைல் நூலாலோ அடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் தனித்தனியே வெட்டி முட்டவைத்திருந்தார்கள். முற்றம் கழுவிய தண்ணீரும் துடைத்த தண்ணீரும் அந்தக் கோடு வழியாகவே உள்ளே போயிருக்கின்றன.

வாட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூடத்துத் தரை மட்டமாக இல்லை. மட்டமாக இருக்கும்படி போடவும் இல்லை. கழுவினால் நீர் முற்றத்துக்கு ஓட வேண்டும் என்று சுவரிலிருந்து முற்றம்வரை மெல்லிய வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். வாட்டத்தால் விரிப்புக்குக் கெடுதல் இல்லை. பள்ளமும் மேடும்தான் கெடுதல். பத்தடி நீளத்துக்கு ஒரு மட்டக்கட்டையை வைத்துப் பார்த்தால், கட்டைக்கும் தரைக்கும் இடையில் ஐந்து மில்லிமீட்டருக்குமேல் இடைவெளி வரக்கூடாது என்பது பொதுவான கணக்கு. எங்கள் தரையில் ஊஞ்சலுக்குக் கீழே கால் உந்திய இடம் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. அங்கே என் சுண்டுவிரல் நுழைந்தது. பள்ளத்தை நிரப்பாமல் இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள விரிப்பை ஒட்டினால் அது சில நாளில் தரையின் முகத்தையே தானும் காட்டும். எங்கள் விரிசல்கள் ஒவ்வொன்றும் தேக்குப் பலகை அச்சின் வழியாக நரம்புபோல் புடைத்துத் தெரிந்தன. முற்றத்து விளிம்பிலோ விரிப்பை அப்படியே வெட்டி விட்டிருந்தார்கள், ஓரத்தைப் பிடிக்க ஓர் அலுமினியப் பட்டைகூட இல்லை. ஒவ்வொரு மழைக்கும் சாரல் அடியில் புகுந்தது.

நிலைக்கால்களைச் சுற்றி விரல் அளவு இடைவெளி விட்டு வெட்டி, சிலிக்கானால் அடைத்திருந்தார்கள். செய்தித்தாளை விரித்து நிலைக்காலின் வடிவத்தைக் கிழித்தெடுத்து, அந்த அச்சை விரிப்பின் மேல் வைத்து வெட்டியிருந்தால் போதும். அரைமணி நேர வேலை.

விரிப்பை எடுப்பது என்று முடிவானதும் மூன்று பேர் உட்கார்ந்தோம்: கொத்தனார், அவருடைய உதவியாள் பெண், நான். விரிப்பு வருவது எளிது; ஈரத்தில் ஊறிய இடங்களில் கையோடு வந்துவிட்டது. பசைதான் உயிரை எடுத்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் பழைய தரையைக் கெடுத்துவிடுகிறார்கள். உளியால் கொத்தக்கூடாது. தேய்க்கும் இயந்திரத்தைத் தரைமேல் ஏற்றக்கூடாது. காவிப் பூச்சு அரை அங்குலம்தான், அதன் மெருகு அதிலும் மேலே ஒரு தோல் அளவுக்குத்தான். நாங்கள் முடி உலர்த்தும் கருவியின் வெப்பக் காற்றை ஒரு சாண் இடத்தில் காட்டி, பசை இளகியதும் அகலமான பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து, சுரண்டியைப் பழைய துணியில் துடைத்து, அடுத்த சாணுக்கு நகர்ந்தோம். நன்றாகப் பிடித்திருந்த இடத்தில் ஒரு சதுர அடிக்கு இருபது நிமிடம் ஆயிற்று. கடைசியாக எஞ்சிய மெல்லிய படலத்தைத் துணியில் கொஞ்சம் டர்பெண்டைன் தொட்டுத் துடைத்தோம். அந்த நாட்களில் சன்னல் கதவெல்லாம் திறந்திருந்தன, அடுக்களை அடுப்பைப் பற்றவைக்கவில்லை, சாமி விளக்கைக்கூட ஏற்றவில்லை. இந்தப் பசையிலிருந்தும் டர்பெண்டைனிலிருந்தும் வரும் ஆவி சட்டென்று தீப்பிடிக்கக்கூடியது. அம்மாவைப் பக்கத்து வீட்டு மாமி தன் வீட்டில் உட்காரவைத்துக்கொண்டார்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன் ஒட்டிய கெட்டியான, மடக்கினால் உடையும் வினைல் வில்லைகள் இருந்தால் நாங்கள் செய்ததைச் செய்யாதீர்கள். அந்தக் காலத்து வில்லைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது வழக்கம். வினைல் ஆஸ்பெஸ்டாஸ் வில்லைக்கு ஐ.எஸ். 3461 என்று தனித் தரவிதியே இருந்தது. உடையாமல், தேயாமல் கிடக்கும்வரை அதனால் பெரிய தீங்கில்லை. உடைத்தாலோ தேய்த்தாலோ கிளம்பும் தூசி நுரையீரலுக்குள் போனால் ஆயுளுக்கும் தீராத நோய். விவரம் தெரிந்தவரை வைத்துத்தான் எடுக்க வேண்டும். தயவுசெய்து இதில் துணிந்துவிடாதீர்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தூணருகே பசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, துணி நகர்ந்த இடத்தில் கறுப்புப் பட்டையும் சிவப்பும் சேரும் கோடு தெரிந்தது. அந்தக் கோட்டின்மேல் அரையணா அளவில் ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. தம்பி நான்கு வயதில் அம்மிக் குழவியை உருட்டிப் போட்டதால் வந்தது. அது அப்படியே இருந்தது. அதை விரலால் தொட்டுக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எல்லா இடமும் அப்படித் தப்பவில்லை. பசையோடு காவியும் உரிந்துவந்த இடங்கள் நான்கைந்து இருக்கின்றன, பெரியது ஒரு தாம்பாளம் அளவு. ஊஞ்சலுக்கு அருகில் பசையின் கறுப்பு சிமெண்டுக்குள் இறங்கிவிட்டது, எதற்கும் போகவில்லை.

விரிப்பை எடுத்த பத்தாம் நாள் தரை முழுவதும் வெள்ளையாகப் பூத்தது. அம்மா பதறி ஈரத்துணியால் துடைக்கப் போனாள். கொத்தனார் தடுத்துவிட்டார். அது உப்பு, அடைபட்டிருந்த ஈரம் இப்போது வெளியே வந்து உலரும்போது கொண்டுவந்து போட்ட சுமை. தண்ணீர் பட்டால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளி வெளியே கொட்ட வேண்டும். கார்த்திகை முழுவதும் தினம் காலையில் அம்மா அதைச் செய்தாள். தை பிறந்தபோது பூப்பது ஏறக்குறைய நின்றிருந்தது. சுவரிலும் புதிதாக எங்கும் உரியவில்லை. சுவரில் முன்பு பூசிய சிமெண்ட் பூச்சை மூன்றடி உயரத்துக்குத் தட்டிவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார் கொத்தனார். பாதிச் சுவர் முடிந்திருக்கிறது.

அம்மாவின் குதிகால் பிரச்சினை தீரவில்லை என்றால் இவ்வளவும் வீண். விரிசல்களைக் கொத்தனார் சிமெண்டால் அடைக்கவில்லை. சிமெண்ட் கெட்டியாகி இறுகும், பழைய தரையோடு சேர்ந்து அசையாது, அடுத்த வருடம் ஓரத்தில் புதிதாக விரிசல் விடும் என்றார். விரிசலைக் கம்பியால் சுத்தம் செய்து, நனைத்து, சுண்ணாம்பும் சலித்த செங்கல் பொடியும் காவியும் குழைத்து, கடுக்காய் ஊறவைத்த நீர் சேர்த்து, சின்னக் கரண்டியால் அழுத்தி அழுத்தி நிரப்பினார். ஒரு முழம் நீளத்துக்கு அவருக்குக் காபி ஆறும் நேரம் பிடித்தது. நான்கு நாள் ஈரச்சாக்கு போட்டு மூடினோம். நிறம் பொருந்தவில்லை; பழைய சிவப்பின் நடுவே புதிய கோடுகள் வெளிறித் தெரிகின்றன. கையால் தடவினால் மேடு பள்ளம் தட்டுவதில்லை. அம்மாவின் காலுக்குத் தேவை அதுதான். மெருகுக்கு எண்ணெய் தேய்க்கலாம் என்று சிலர் சொன்னார்கள். முதியவர் நடக்கும் வீட்டில் தரைக்கு எண்ணெய் வேண்டாம் என்று நான் உறுதியாக மறுத்துவிட்டேன். குளிருக்கு, வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொள்ள அடிப்பாகம் வழுக்காத துணிச் செருப்பு வாங்கினேன். வீட்டுக்குள் செருப்பா என்று அம்மா ஒரு வாரம் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. வாசலுக்கு அதை ஒருநாளும் எடுத்துப் போவதில்லை என்று நானும் மாமியும் சேர்ந்து சொன்ன பிறகுதான் போட்டுக்கொண்டாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு வினைல் என்றாலே கெடுதல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல பொருள் அது. 1926-இல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்க ஒரு வழியைத் தேடும்போது, பி.வி.சி.யை மெத்தென்று வளையும்படி ஆக்க முடியும் என்று கண்டார். அந்த மென்மைதான் அம்மாவின் காலுக்கு வேண்டும் என்று தம்பி ஆசைப்பட்டது. அவன் கூடுதலாக வாங்கிய சுருளில் ஒரு துண்டு மீதியிருந்தது. மாடியில் 9 அடிக்கு 6 அடியில் ஒரு சின்ன அறை உண்டு. மண்ணோடு தொடர்பில்லாத தரை. அங்கே பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்த்தோம், துளி ஈரமில்லை. பள்ளங்களை நிரப்பி உலரவிட்டோம். சுருளைப் பிரித்து அந்த அறையிலேயே இரண்டு நாள் விரித்துவைத்தோம், சுருண்டிருந்த பழக்கம் போய் அறையின் வெப்பத்துக்குப் பழகுவதற்கு. செய்தித்தாள் அச்சு எடுத்து வெட்டினோம். அறை முழுவதற்கும் ஒரே துண்டு, இணைப்பே இல்லை. சுவரோரம் கொஞ்சம் இடைவெளி விட்டு, அதை மரச் சட்டத்தால் மறைத்தோம். அதன்பிறகு பெய்த மழையையும் பார்த்துவிட்டது, ஓரிடத்திலும் எழவில்லை. ரப்பர் அடிப்பாகமுள்ள மிதியடியை மட்டும் அதன்மேல் போடவில்லை. கூடத்தில் அப்படி ஒன்று கிடந்த இடத்தில் விரிப்பு மஞ்சளாகக் கறைபட்டு, எதைப் போட்டுத் தேய்த்தும் போகாமல் இருந்தது. ரப்பரிலுள்ள சில பொருட்கள் வினைலுக்குள் இறங்கி நிறத்தை மாற்றிவிடுகின்றன.

தம்பியிடம் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அம்மா விழுந்ததைச் சொன்ன அன்று அவன் தொலைபேசியில் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான்தானே அக்கா போட்டேன்" என்றான். அம்மா தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீ போட்டதால்தான் ஆறு மாதம் என் முழங்கால் சுகமாக இருந்தது. பொங்கலுக்கு வா" என்றாள்.

வந்தான். பிள்ளைகளோடு வந்தான். வந்த அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு கூடத்து விளக்கைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ரேழியிலிருந்து அடுக்களைவரை மெல்ல நடந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஊஞ்சலருகே கறுப்புக் கறையின் பக்கம் நின்று, இதை என்ன செய்யலாம் என்று கேட்டான். மேல் பூச்சைச் சிறிது வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் காவி பூசலாம் என்பது கொத்தனாரின் யோசனை. ஒரு முழு மழைக்காலம் போகட்டும், அதன் பிறகு தொடலாம் என்பது என் யோசனை. இரண்டுக்கும் நடுவில் அம்மா ஒன்று சொன்னாள்.

மாடி அறையில் ஒட்டிப் பார்த்த பிளாஸ்டிக் தாளைத் துடைத்து மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறாள். ஆடிப்பெருக்கு முடிந்ததும் அதை அந்தக் கறையின் பக்கத்தில் ஒட்டி, மறுநாள் காலை தானே பிரித்துப் பார்க்க வேண்டுமாம். டேப் ஒரு சுருள் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.